மழை மறைக்கிற சாலையைக் காட்டுங்கள்: மதுரை மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, ரயில்வே, பொதுப்பணி, போக்குவரத்து, காவல் ஆகிய துறைகளில் இந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

பேருந்து, லாரி, வேன், ஆட்டோ ஓட்டுகிறவர்களும் அந்த வண்டிகளைப் பட்டறையில் பழுது பார்க்கிறவர்களும் சேர்ந்து எழுதுகிற மடல் இது. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. மதுரைக்கு ஆண்டில் கிடைக்கிற சுமார் 85 செ.மீ. மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அதுவும் சாரலாக நின்று பெய்வது குறைவு. பகல் முழுக்க வெயில் அடித்து, மாலை நாலு மணிக்கு மேல் கருத்து, பள்ளி விடுகிற நேரத்தில் அரை மணி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். அந்த அரை மணிதான் எங்களுக்குப் பயம்.

வெயில் நாளில் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்குகிறோம். சாக்கடை மூடி இறங்கியிருந்தால் தெரிகிறது. தார் எங்கே முடிகிறது, மீடியன் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. மழை பெய்தால் அத்தனையும் ஒரே பழுப்புத் தண்ணீருக்குள் போய்விடும். வண்டியின் பிரேக்கும் டயரும் பாதி வலுவை இழக்கிற அதே நேரத்தில் கண்ணும் போய்விடுகிறது. எங்கள் கோரிக்கை எல்லாமே இதைச் சுற்றித்தான். தண்ணீர் மறைக்கிறதை ஓட்டுநருக்குத் தெரியும்படி செய்யுங்கள். தெரியும்படி செய்ய முடியாத இடத்தை, வண்டி உள்ளே இறங்குவதற்கு முன்பே அடையுங்கள்.

முதலில் சுரங்கப்பாதைகள். தண்டவாளம் நகரை நெடுக்கப் பிளந்து போவதால் கர்டர் பாலம் மாதிரி இடங்களில் அடியில் நுழைந்துதான் மறுபக்கம் வர வேண்டியிருக்கிறது. ஊர்ப்புறத்திலும் ஆள் இல்லாத ரயில்வே கேட்டுகளை மூடிவிட்டு, அந்த இடத்தில் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். அதற்குள் எவ்வளவு சீக்கிரம் தண்ணீர் ஏறும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 7 மீட்டர் அகலப் பாதை, இரண்டு பக்கமும் 20-க்கு 1 சரிவு, திறந்தவெளிச் சரிவின் மொத்தப் பரப்பு 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணியில் 4 செ.மீ. மழை பெய்தால் அந்தச் சரிவில் விழுகிற தண்ணீர் மட்டும் 40,000 லிட்டர். மோட்டார் ஓடாவிட்டால், அடிமட்டத்தில் அரை மீட்டருக்கு மேல் நிற்கும். மேலே இருக்கிற தெருக்களின் தண்ணீர் இதில் சேரவில்லை. அதுவும் இறங்கினால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆள் உயரம்.

எனவே செய்ய வேண்டிய முதல் வேலை, தெருத் தண்ணீரைச் சரிவின் தலைப்பிலேயே மறிப்பது. சாலையின் குறுக்கே கம்பிச் சட்டம் போட்ட வடிகால், அதற்கு முன்னால் வண்டி ஏறி இறங்கும்படி தாழ்வான ஒரு மேடு. இரண்டும் இருந்தால் உள்ளே வருவது சரிவில் நேராக விழுகிற மழை மட்டும்தான். சரிவுக்கு மேல் தகரக் கூரை போட்டால் அதுவும் குறையும். அடியில் இருக்கிற தொட்டிக்கு இரண்டு மோட்டார் வேண்டும், ஒன்று கரண்ட்டில், ஒன்று டீசலில். இடி இடித்ததும் முதலில் நிற்பது கரண்ட்தான். டீசல் இன்ஜினையும் சுவிட்ச் பெட்டியையும் பள்ளத்துக்குள் வைக்கக் கூடாது, தெரு மட்டத்துக்கு மேலே மேடை கட்டி வைக்க வேண்டும். தொட்டியின் வாய்ச் சல்லடையைப் புரட்டாசிக்குள் ஒரு முறையும், ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் சுத்தம் செய்ய வேண்டும். பிளெக்ஸ் பேனர் துண்டும் பாலித்தீன் பையும் அடைத்துக்கொண்டால் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் இருந்தும் பயன் இல்லை.

அடுத்தது அளவுகோல். சுரங்கப்பாதைச் சுவரில், மிகத் தாழ்வான இடத்திலிருந்து கணக்கிட்டு, 20 செ.மீ. வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று பட்டை அடியுங்கள். அந்த அளவு சரிவுக்கு இறங்கும் முன்பே தெரிய வேண்டும். உள்ளே இறங்கித் தண்ணீரின் ஓரத்தில் நின்று பார்க்கிறவருக்கு டயர் நனைகிற ஆழம்தான் தெரியும், 20 மீட்டர் தள்ளி என்ன ஆழம் என்று தெரியாது. மஞ்சளைத் தண்ணீர் தாண்டினால் கேட் விழ வேண்டும். மிதவை ஏறியதும் சிவப்பு விளக்கு எரிகிற சுவிட்ச் பெரிய செலவில்லை, தண்ணீர் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற அதே மிதவைதான். கேட் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சரிவு தொடங்குவதற்கு முன், வண்டி திரும்பிப் போக இடம் இருக்கிற சந்திப்பில் வைக்க வேண்டும். பாதிச் சரிவில் பேரிகார்டு வைத்தால் பின்னால் வரிசையாக வண்டி நிற்கும், முன்னால் வந்தவர் பின்வாங்க வழியில்லாமல் தண்ணீரிலேயே இறங்குவார்.

ஏன் 20 செ.மீ. என்று கேட்பீர்கள். சாதாரண காரின் அடிவயிறு சாலையிலிருந்து 16, 17 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டதும் வண்டியைத் தூக்கத் தொடங்கும். 30 செ.மீ. ஓடுகிற தண்ணீர் சிறிய காரை மிதக்கவிடும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். தேங்கி நிற்கிற தண்ணீரிலும் ஆபத்து வேறு விதமாக வருகிறது. முன்னால் ஒரு பேருந்து வேகமாகப் போனால் அது தள்ளுகிற அலை, பக்கத்தில் போகிற காரின் ஏர் ஃபில்டர் வாய்க்குள் ஏறிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரின் மேல் பிஸ்டன் மோதியதும் கனெக்டிங் ராட் வளையும், இன்ஜின் செத்துவிடும். செத்த பிறகு பதற்றத்தில் செல்ஃப் அடிப்பவர்கள்தான் அதிகம். லேசாக உள்ளே போயிருந்த தண்ணீர், செல்ஃப் அடித்ததும் இன்ஜினையே உடைத்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடாமல் தள்ளிக் கரையேற்றுவதுதான் சரி. தவிர்க்க முடியாமல் ஆழம் குறைந்த தண்ணீரைக் கடப்பவர் முதல் கியரில், ஒரே சீரான ஆக்ஸிலேட்டரில், கியர் மாற்றாமல், முன் வண்டி மேடேறும் வரை காத்திருந்து போக வேண்டும். கரையேறியதும் நூறு, இருநூறு மீட்டர் தூரம் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே போனால்தான் டிரம்முக்கும் லைனருக்கும் இடையில் புகுந்த தண்ணீர் காயும். இல்லையென்றால் அடுத்த சிக்னலில் பிரேக் பிடிக்காது, அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். கார் தண்ணீரில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு சுரங்கப்பாதை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சீட் பெல்ட்டைக் கழற்று. உடனே பக்கக் கண்ணாடியை இறக்கு. பவர் விண்டோ தண்ணீரில் நனைந்த பிறகும் கொஞ்ச நேரம் வேலை செய்யும், அந்தக் கொஞ்ச நேரத்தைக் கதவைத் தள்ளுவதில் வீணாக்காதே. ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றாலே கதவை உள்நோக்கி அழுத்துகிற விசை சுமார் 125 கிலோ. கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் அடி. முன் கண்ணாடியை அடிக்காதே, அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழிவிடாது. பிள்ளைகளை முதலில் ஜன்னல் வழியே வெளியேற்று. எல்.எல்.ஆர். தேர்விலும் இதைக் கேள்வியாகச் சேர்க்கலாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் எட்டுப் போடக் கற்றுத் தருகிறார்கள், இதைச் சொல்லித் தருகிற இடம் அரிது.

நகருக்குள் இன்னொரு ஆபத்து, சாலையும் கால்வாயும் ஒன்றாகிவிடுவது. 2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி கால்வாய் நிரம்பிச் செல்லூர் சுற்றுவட்டாரம் மூழ்கியதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். பந்தல்குடிக் கால்வாய் ஆகட்டும், தெற்கே கிருதுமால் ஆகட்டும், கரையை ஒட்டியே வண்டி போகிற தெருக்கள் இருக்கின்றன. தண்ணீர் இரண்டுக்கும் ஒரே மட்டத்தில் நின்றால் எது தெரு, எது கால்வாய் என்று உள்ளூர்க்காரருக்கே தடுமாறும். சுவர் கட்டப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கரையோரம் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, ஒரு மீட்டர் உயரத்தில், சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிய வெள்ளைக் கம்பங்கள் நட்டால் இருட்டிலும் கால்வாயின் ஓரம் தெரியும்.

பாதாளச் சாக்கடை மூடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று அக்கம்பக்கத்தவர்களே மூடியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கலங்கல் தண்ணீருக்குள் அந்தத் துளை தெரியவே தெரியாது. ஒரு மரக்கிளையைச் செருகி வைப்பார்கள், அதையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். மூடிக்குக் கீழே இரும்புக் கம்பி வலை ஒன்றைப் பொருத்திவிட்டால், மூடி திறந்திருந்தாலும் தண்ணீர் மட்டும் இறங்கும், ஆளோ சக்கரமோ இறங்காது. வழக்கமாகத் தண்ணீர் நிற்கிற தெருக்கள் எவை என்று வார்டு ஊழியர்களுக்கு மனப்பாடம். அங்கே மட்டுமாவது முதலில் செய்யுங்கள்.

தோண்டி மூடிய பள்ளங்களும் அப்படித்தான். பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டிய தெருக்களில், எடுத்த மண்ணை அப்படியே மொத்தமாகத் தள்ளி மேலே ஜல்லி பரப்பியிருந்தால் கோடையில் சாலை கெட்டியாகத்தான் தெரியும். முதல் கனமழையில் உள்ளே இருக்கிற காற்றிடத்தில் தண்ணீர் புகுந்து மண் அமுங்கும். லாரியின் பின் சக்கரம் அச்சு வரை இறங்கும், பைக்காரர் தலைகுப்புற விழுவார். மண்ணை 15 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கினால் அமுங்காது. ஒப்பந்தத்தில் இது எழுதியே இருக்கும். தார் போடுவதற்கு முன் ஒரு பொறியாளர் கடப்பாரையைக் குத்திப் பார்த்தாலே, அடுக்காக இறுக்கிய மண்ணா, அள்ளிக் கொட்டிய மண்ணா என்று தெரிந்துவிடும். பருவமழை தொடங்கிய பிறகு புதிதாகத் தோண்ட அனுமதி கொடுக்காதீர்கள்.

வைகைக்கு வருவோம். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஐந்து மாவட்டங்களுக்கும் செய்தி போகிறது. கரையோர மக்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தச் செய்தி யானைக்கல் தரைப்பாலத்து வாசலில் பேரிகார்டைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. இரண்டாவது எச்சரிக்கை வந்ததுமே கோரிப்பாளையம், சிம்மக்கல், விரகனூர் ஆகிய இடங்களில் “தரைப்பாலமும் கரையோரச் சாலையும் மூடப்படலாம், மேம்பாலத்தில் செல்லவும்” என்று பலகை வைத்துவிட்டால், கடைசி நேரத்தில் திரும்புகிற நெரிசலே வராது.

ஊர்ப்புறத்தில் கண்மாய் மறுகால் பாயும்போது ஆபத்து இதைவிடப் பெரிது. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் எத்தனையோ சாலைகள் மறுகால் ஓடையைத் தரைப்பாலத்தில்தான் கடக்கின்றன. தரைப்பாலத்தின் இரண்டு ஓரத்திலும் நின்ற கற்கள் பல இடங்களில் சாய்ந்தோ மண்ணில் புதைந்தோ போய்விட்டன. மேலே முக்கால் அடித் தண்ணீர் ஓடினால் பாலத்தின் அகலம் எங்கே முடிகிறது என்று தெரியாது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் வண்டியே பக்கவாட்டில் நகர்வது போலக் கண் ஏமாற்றும், ஓட்டுநர் தன்னையறியாமல் ஒரு பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார். இரண்டு கரைக் கம்பங்களையும் நேராகப் பார்த்துப் போக முடிந்தால் இது நடக்காது. அதற்குக் கம்பம் இருக்க வேண்டும், அதில் அடிக்கணக்கு எழுதியிருக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் பாலம் அரித்துப் போயிருக்கிறதா என்று வெள்ளம் வடிந்ததும் ஆள் இறங்கிப் பார்த்த பிறகே பேருந்தை அனுமதியுங்கள்.

இனி நான்குவழிச் சாலை. திண்டுக்கல், மேலூர், விருதுநகர், தூத்துக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் மழையில் கார்கள் 100-க்குக் குறையாமல் பறக்கின்றன. 18 செ.மீ. அகல டயர் ஒன்று 3 மி.மீ. தண்ணீர் நிற்கிற சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால், ஒவ்வொரு விநாடியும் 12 லிட்டர் தண்ணீரைத் தனக்கு அடியிலிருந்து வெளியே தள்ள வேண்டும். டயரின் பட்டன், அதாவது மேலே வெட்டியிருக்கிற காடிகள், ஆழமாக இருந்தால் தண்ணீர் அவற்றின் வழியே ஓடிவிடும். தேய்ந்த டயரில் போக வழியில்லாமல் டயரே தண்ணீர் மேல் ஏறிவிடும். அந்த நிமிஷத்தில் ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக் மிதித்தாலும் வண்டி அதன்போக்கில் போகும். தேய்ந்த டயரில் காற்று 32 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 94 கி.மீ. வேகத்திலும், காற்று 20-க்கு இறங்கியிருந்தால் 75 கி.மீ. வேகத்திலுமே இது நடந்துவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடிப்பதுதான் ஒரே வழி. சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ., இருசக்கர வாகனத்துக்கு 0.8 மி.மீ. பட்டன் ஆழம் இருக்க வேண்டும். டயரின் காடிக்குள்ளேயே அந்த அளவுக்கு ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள். காடியும் அந்த மேடும் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வருகிற வண்டியில் இதைக் கையால் தடவிப் பாருங்கள்.

சாலையைப் பராமரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நேர்ச் சாலையில் தண்ணீர் இடது ஓரத்துக்கு ஓடிவிடும். வலப்பக்கம் திரும்புகிற வளைவில் சாலை மீடியனை நோக்கிச் சாய்வாகப் போடப்பட்டிருக்கும். மொத்தத் தண்ணீரும் மீடியன் ஓரம், அதாவது வேகமாகப் போகிற தடத்தில் சேரும். அது வெளியேற மீடியன் கல்லில் துளையும் அடியில் குழாயும் வைத்திருப்பார்கள். அந்தத் துளையை அரளிச் செடியின் மண்ணும் சருகும் அடைத்துவிடும், மறுதார் போடும்போது பாதித் துளை தாருக்கு அடியில் போய்விடும். பிறகு வளைவில் முந்துகிற காரின் வலது சக்கரங்கள் மட்டும் தண்ணீரில் மோதும், வண்டி மீடியனை நோக்கி வெட்டி இழுக்கும். ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று எழுதப்படுகிற மழைநேர விபத்துகளில் சில இப்படி நடந்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். வலது வளைவுகளை மட்டும் தனியாகக் கணக்கெடுத்து, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு வண்டியில் போய்ப் பாருங்கள். வெயிலில் ஆய்வு செய்தால் இது கண்ணில் படாது.

திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் கரிசல் மண். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, ஓரத்து மண் அங்கேயே நிற்கிறது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல்கடை முதல் ஒரு சாண் வரை இறக்கம். எதிரே பேருந்து வருகிறதே என்று நாங்கள் இடது சக்கரத்தைக் கீழே இறக்கினால், மழையில் கரிசல் பசையாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஏற ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயரின் பக்கம் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வரும், ஏறாது. இன்னும் திருப்பினால் திடீரென்று ஏறி, திருப்பிய வேகத்தில் வண்டி எதிர்ப்பக்கம் பாயும் அல்லது கவிழும். ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தை 30-க்குக் கீழே குறைத்த பிறகே ஏற வேண்டும் என்று நாங்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நீங்கள் கிராவல் கொட்டி இறுக்கி, விளிம்பையும் ஓரத்தையும் ஒரே மட்டமாக்கிக் கொடுங்கள். மறுதார் போடுகிற ஒப்பந்தத்திலேயே ஓரத்தை உயர்த்துவதும் சேர வேண்டும்.

இரவு மழையில் வெள்ளைக் கோடு காணாமல் போவதற்குக் காரணம் பெயின்ட் அழிந்தது மட்டும் இல்லை. கோட்டில் தூவியிருக்கிற கண்ணாடி மணிகள்தான் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றின் மேல் தண்ணீர்ப் படலம் நின்றால் வெளிச்சம் சிதறிவிடும். புதுக் கோடும் தெரியாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கிற ரிஃப்ளெக்டர் கட்டைகள் மட்டும்தான் அப்போது தெரியும். இடது ஓரத்துக்குச் சிவப்பு, மீடியன் பக்கம் மஞ்சள், நடுக்கோட்டுக்கு வெள்ளை என்று பதித்துவிட்டால் வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். மீடியன் தொடங்குகிற முனைகள், நத்தம் சாலை மேம்பாலம் போன்றவற்றின் ஏறும் இறங்கும் முனைகள், சர்வீஸ் ரோடு பிரிகிற இடங்கள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

வேகத்தடைகளுக்கு இந்திய சாலைக் குழுமத்தின் அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், கறுப்பு வெள்ளைப் பட்டை, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை. ஊர் ஊருக்குப் போட்டிருக்கிற குறுகிய, செங்குத்தான தடைகளில் பட்டையும் இல்லை, பலகையும் இல்லை. மழையில் அதன் மேல் பிரேக் அடிக்கிற பைக்கின் முன் சக்கரம் வழுக்கும். காவல் துறையின் இரும்புப் பேரிகார்டுகளிலும் இதே குறை. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்த பேரிகார்டு இரவு மழையில் சாலை நடுவே நின்றால் அதுவே விபத்துக்குக் காரணமாகிறது. மழை அறிவிப்பு வந்த நாளில், தேவையில்லாத பேரிகார்டுகளை மாலைக்குள் ஓரம் கட்டிவிடுங்கள்.

கோடையில் கண்மாய் வண்டல் ஏற்றிப் போகிற டிராக்டர், டிப்பர்களிலிருந்து சிந்துகிற மண் சாலையில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும். முதல் தூறலில் அது எண்ணெய் தடவியது போல் ஆகிவிடும். தார்ப்பாய் கட்டாமல் போகிற வண்டிக்கு அபராதம் போடுகிறீர்கள், நல்லது. கண்மாயிலிருந்து தார்ச்சாலையில் ஏறுகிற இடத்தில், டயரில் ஒட்டிய மண் உதிர்வதற்கு 20 மீட்டர் தூரம் ஜல்லி பரப்பச் சொல்வதையும் அனுமதிச் சீட்டில் நிபந்தனையாகச் சேருங்கள். சோளத்தட்டையும் கொள்ளுச் செடியும் சாலையில் காயப் போடுகிற விவசாயிகளை விரட்ட எங்களுக்கு மனமில்லை. களம் இல்லாமல்தான் சாலைக்கு வருகிறார்கள். ஊராட்சிக்கு ஒரு சிமென்ட் களம் கட்டிக் கொடுத்தால் நனைந்த தட்டையில் வழுக்கி விழுகிறவரும் தப்பிப்பார், தானியமும் தப்பிக்கும்.

எங்கள் பக்கத்து வேலையையும் சொல்லிவிடுகிறோம். மதுரை வெயிலில் வைப்பர் ரப்பர் ஒரு கோடையிலேயே விறைத்துவிடும். ஆவணி, புரட்டாசிக்குள் மாற்றினால்தான் ஐப்பசியில் கோடு விழாமல் துடைக்கும். வைப்பர் ஓடாத பேருந்துகளில் இன்றும் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அந்தச் சாறு தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் விரித்துவிடும், கொஞ்ச நேரம் வழி தெரியும். எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க மங்கிவிடும். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒருவர் இப்படி ஓட்ட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. வைப்பர் வேலை செய்யாத பேருந்தை மழை நாளில் எடுக்க மறுக்கும் உரிமையை ஓட்டுநருக்கு எழுத்தில் கொடுங்கள், அதற்காக அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. மழை நேரம் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டால் பயணிகளின் மூச்சில் முன் கண்ணாடி உள்ளேயும் பனிக்கும். ஓட்டுநருக்கு அருகில் ஒரு சின்ன மின்விசிறி கண்ணாடியை நோக்கி வைத்தால் போதும்.

இதைவிட முக்கியமானது ரன்னிங் டைம், அதாவது ஒரு தடத்தை ஓடி முடிக்கப் பேருந்துக்குக் கொடுக்கிற நேரம். 60 கி.மீ. வேகத்தில் பிரேக் மட்டும் பிடித்து நிற்க, உலர்ந்த சாலையில் சுமார் 20 மீட்டர் ஆகும், நனைந்த சாலையில் 35 மீட்டர். தடம் ஒன்றுதான், நேர அட்டவணையும் ஒன்றுதான். பத்து நிமிஷம் தாமதித்தால் அடுத்த வண்டிக்காரருடன் சண்டை, அடுத்த டிரிப் போச்சு, வசூல் போச்சு. மழையில் பேருந்து பறப்பதற்கு ஓட்டுநரின் திமிர் காரணம் என்று பயணிகள் நினைக்கிறார்கள். கனமழை எச்சரிக்கை அறிவித்த நாளில் ஒரு மணி நேர ஓட்டத்துக்குக் குறைந்தது 15 நிமிஷம் கூடுதல் என்று வட்டாரப் போக்குவரத்து ஆணையம் அறிவித்துவிட்டால், தனியார் பேருந்து, மினி பஸ், அரசுப் பேருந்து மூன்றும் ஒன்றாக வேகத்தைக் குறைக்கும். ஒருவர் மட்டும் குறைத்தால் அவர் நஷ்டப்படுவார், அதனால்தான் யாரும் குறைப்பதில்லை. இந்த மடலில் செலவே இல்லாத கோரிக்கை இது. உயிரை அதிகம் காப்பாற்றப் போவதும் இதுவாகத்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

சித்திரை, வைகாசிக் காற்று மழையில் சாலையோரப் புளியமரங்களின் பட்ட கிளைகள் முறிகின்றன. மாசிக்குள் கழித்துவிடுங்கள். மின்கம்பி வண்டி மேல் விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்திருந்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலும் சேர்த்துக் குதிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. இவற்றை டோல்கேட்டில் மட்டும் எழுதாமல் கிலோமீட்டர் கற்களிலும் எழுதுங்கள். மழையில் சிக்கியவருக்கு ஊர்ப் பெயர் தெரியாது, பக்கத்துக் கல்லில் இருக்கிற எண்ணைத்தான் படித்துச் சொல்ல முடியும்.

அக்டோபர் முதல் வாரத்துக்குள் எல்லாத் துறைகளும் உட்காருகிற ஒரு கூட்டத்தைக் கூட்டி எங்களையும் அழையுங்கள். எந்தச் சரிவில் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும், எந்த வளைவில் வண்டி இழுக்கும் என்பதைத் தடவாரியாக வரைபடத்தில் குறித்துத் தருகிறோம். சுரங்கப்பாதை கேட்டுகளின் சாவியில் ஒன்றைப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டிலும் கொடுத்து வையுங்கள். அங்கே காலை ஐந்து மணி முதல் இரவு கடைசி ரயில் வரை ஆள் இருக்கும். தண்ணீர் மஞ்சள் பட்டையைத் தாண்டினால் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்ல எங்கள் ஆட்கள் தயார். அதற்கான அனுமதியை எழுத்தில் தாருங்கள். அது இல்லாமல் கேட்டை மூடினால் நாங்கள்தான் வழிமறித்ததாகப் புகார் வரும்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்து வாகன ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும்